கேள்வி அக்காவும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்

பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் கணினியில் எண் ஏற்றும் வேலையில் நான் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தேன். அத்தனை ஆண்டுகளும் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கேள்வி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ அழைக்கிறார்கள் என்று அவர்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வருவது அவர் வேலை. நிரப்பியதை எண்ணாக்குவது என் வேலை. பையில் இரண்டு பென்சில், ஒரு நிறுத்துக் கடிகாரம், குழந்தைகள் அடுக்கிக் காட்டும் மரக்கட்டைகள் ஒரு டப்பா. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

ஆய்வு பேராசிரியருடையது; அதில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு பிள்ளை அம்மாவைப் போலவே கோபப்படுகிறது, அம்மாவைப் போலவே சீக்கிரம் படிக்கக் கற்றுக்கொள்கிறது என்றால், அது அம்மாவுக்குப் பிறந்ததால் வந்ததா, அம்மாவோடு வளர்ந்ததால் வந்ததா? சாதாரண வீட்டில் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றவளும் வளர்த்தவளும் ஒருத்தியே. தத்துப் போன பிள்ளைக்கு மட்டும்தான் இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. பெற்றவளை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். வளர்ப்பவர்களையும் பிள்ளையையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். வளர வளரப் பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைகளை வேண்டுமென்றே வீடு மாற்றி வைத்துச் சோதனை செய்ய யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது; அந்தச் சோதனையை வாழ்க்கையே தானாகச் செய்து வைத்திருக்கிறது என்று பேராசிரியர் எங்களுக்கு விளக்கினார். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா மட்டும், "தானாவா?" என்று கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டினார்.

அவர் பிறவியிலேயே சந்தேகக்காரர். ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிடுவார். குளியலறையை ஒருமுறை உபயோகித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு வருவார். நான்கு பேர் குடும்பம் என்று சொன்ன இடத்தில் மூன்று பிரஷ் இருந்தால் பென்சிலை எடுத்து ஓரத்தில் குறிப்பார். ஒரு வீட்டில் அப்பா, பிள்ளைக்குத் தினமும் கதை படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரியில் கதைப் புத்தகங்கள் முதுகில் ஒரு மடிப்புகூட விழாமல் நின்றிருக்கின்றன. பிள்ளையோ அவற்றை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறது. 'புத்தகம் நேற்று வந்தது' என்று அக்கா எழுதிக்கொண்டு வந்தார். அதை ஏற்ற என்னிடம் கட்டம் இல்லை.

வீட்டுக்காரர்களும் அவரைச் சந்தேகித்தார்கள். ஒரு தையல்காரரின் மனைவி, ஆறு வயதுப் பையனை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாராம். பிள்ளையைத் திருப்பிக் கேட்கத்தான் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு உறுதி. அக்கா அன்று ஒரு கேள்வியும் கேட்காமல், அறுந்திருந்த தன் பைக் காதைத் தைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த முறை கதவு திறந்தது.

தத்துக் கேட்டு வந்தவர்களை, பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் முகமை ஏற்கெனவே சல்லடை போட்டுச் சலித்திருந்தது. வருமானச் சான்று, மருத்துவச் சான்று, அக்கம்பக்கத்து விசாரணை எல்லாம் தாண்டி வந்தவர்கள். விசாரணைக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஐந்தாம் ஆண்டில் அக்கா பேராசிரியரின் அறைக்கே போய்ச் சொன்னார்.

"எல்லா வீடும் ஒரே வீடு மாதிரி இருக்கு சார். குடிக்கிற அப்பா இல்ல, அடிக்கிற அம்மா இல்ல, பட்டினி இல்ல. வீடு மாறினா பிள்ளை மாறுமான்னு பாக்கறீங்க. வீடே மாறலையே."

பேராசிரியர் நல்ல மனிதர். சரியான குறைதான் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஆண்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினார். கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆய்வின் பதினான்காம் ஆண்டில் பெரிய அறிக்கை வெளிவந்தது. பிள்ளைகளின் வாசிப்புத் திறன், பார்த்தே இராத பெற்ற தாயின் திறனோடு நன்றாகவே ஒத்துப்போனது. முன்கோபமும் ஓரளவு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. பேராசிரியர் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருந்தார். பத்திரிகையில் அது 'குணம் வளர்ப்பில் இல்லை, பிறப்பில்தான்' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

அன்று காலை அக்கா அந்தப் பத்திரிகையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கோபத்துக்கு என்ன எண் வந்தது என்று கேட்டார். புள்ளி இரண்டு ஆறு என்றேன். சைபர் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் அப்படியே அச்சு, இது சைபருக்குத்தான் கிட்ட என்று விளக்கினேன்.

"கிட்டன்னா, இல்லைன்னு அர்த்தமா?"

"இல்லைன்னு சொல்ல முடியாதுக்கா."

தலையாட்டிவிட்டுப் போனார். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் வைத்து, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே, தன் மகள் தத்து எடுத்த பிள்ளை என்று சொன்னார். பத்து வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாத விஷயம். ஆய்வு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, அதே முகமையில், பிறந்து இருபதாம் நாளில் வாங்கியது. அப்போது அக்கா துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மகளுக்கு ஆறு வயதிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து துறையில்தான் சொல்லவில்லை.

மகளுக்கு அப்போது பதினைந்து. பதினைந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் எப்படிக் கதவைச் சாத்துமோ அப்படித்தான் அவளும் சாத்துவாள். ஆனால் அறிக்கை வந்த பிறகு அந்தச் சத்தம் அக்காவுக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. தட்டை நகர்த்தி வைத்தால் பார்த்தார். பதில் சொல்லத் தாமதித்தால் மனதுக்குள் நிறுத்துக் கடிகாரத்தை ஓட்டினார். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து, டியூஷன் என்று மகள் சொன்னாள். டியூஷன் டீச்சர் ஊரிலேயே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். மறுநாள் நூலகம் என்றாள். அன்று நூலகம் விடுமுறை.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோய், குளியலறைக்குள் உட்கார்ந்து, தன் மகளைப் பற்றித் தானே நிரப்பினார். 'எளிதில் கோபப்படுவாரா?' அடிக்கடி. 'பொய் சொல்வதுண்டா?' அடிக்கடி. கூட்டிப் பார்த்தார். நாங்கள் 'உயர்வு' என்று குறிக்கும் இடத்தில் வந்து நின்றது. அதைச் சமையலறை அலமாரியில் விரித்திருந்த தாளுக்கு அடியில் செருகி வைத்துவிட்டார்.

மறுவாரம் அரை நாள் விடுப்புப் போட்டு மகளைப் பின்தொடர்ந்தார். பள்ளியிலிருந்து வந்த பெண் பேருந்தில் ஏறி, நான்காவது நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். வரும் பேருந்து எதிலும் ஏறவில்லை. எதிர்ச் சாரியில் இருந்தது தத்து முகமையின் கட்டிடம். உள்ளே போகும் பெண்களையும் வெளியே வரும் பெண்களையும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை அவளும் படித்திருக்கிறாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அக்கா அதைச் செய்யவில்லை. யாரைத் தேடுகிறாள், கிடைத்தால் யாரோடு போவாள் என்று அவர் புத்தி வேறு திக்கில் ஓடியது. அவளுக்கு முன்னால் அந்தக் கோப்பைத் தான் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆய்வுக்காகத் தேதிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி முகமையின் பதிவேட்டு அறைக்குள் போனார். அடையாள அட்டை இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. இரும்பு அலமாரிகள், பழுப்பு உறைகள், பூச்சி உருண்டை வாசனை. பொய் சொல்லி நுழைந்த குறுகுறுப்பில், சும்மா பேருக்கு ஆய்வுக் குழந்தைகளின் கோப்புகள் சிலவற்றை எடுத்துப் பிரித்தார். பெற்ற தாயின் படிவத்தில் மேல் மூலையில் பச்சை மையில் ஓர் எழுத்து. அ. பிள்ளையை வாங்கியவர்களின் விண்ணப்பத்திலும் அதே மூலையில் அதே மை. அ. அடுத்ததை எடுத்தார். இ, இ. அதற்கடுத்தது ஆ, ஆ. முப்பது கோப்பு பார்த்தார். இரண்டே இரண்டில்தான் எழுத்து மாறியிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெற்ற தாய்களுக்கான ஆய்வுக் கேள்வித்தாள்களை அக்கா நிரப்பியதில்லை. பிரசவ மனையிலேயே முகமை ஆட்கள் நிரப்பிவிடுவார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தத் தேதியும், பிள்ளையைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தேதியும் ஒன்றாக இருந்தது. அப்படி ஒரு நாளில், நீங்கள் எளிதில் எரிச்சலடைவீர்களா என்று கேட்டால் ஒரு பெண் என்ன சொல்வாள்? தகப்பன் பக்கத்துக் கட்டங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காலி.

கடைசியாகத்தான் மகளின் கோப்பை எடுத்தார். பெற்றவளின் படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில், பொட்டலம் கட்டுவது. 'குணம்' என்ற இடத்தில், 'அழுதுகொண்டிருந்தார், கேட்கவில்லை' என்று இருந்தது. மூலையில் இ. அக்காவும் கணவரும் கொடுத்த விண்ணப்பத்திலும் இ. அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வராமல் மூடி வைத்துவிட்டார்.

குழந்தைகளை வீடுகளுக்கு ஒதுக்கிய அதிகாரி அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். மேடம் என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் அம்மாள். அக்கா பச்சை எழுத்தைக் காட்டிக் கேட்டதும் அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. படித்தவர்கள் அ, நடுவில் உள்ளவர்கள் ஆ, சாதாரண ஆட்கள் இ என்று மூன்று வகை என்றார். ஆய்வுக்குக் கொடுத்த கடிதத்தில் வரிசைப்படி ஒதுக்கியதாக எழுதியிருக்கிறீர்களே என்று அக்கா விடாமல் கேட்டார்.

"வரிசைப்படிதாம்மா குடுத்தோம். மூணு வரிசை இருந்துச்சு, அவ்வளவுதான். பிள்ளை அந்த வீட்டுல ஒட்டணுமில்ல? நல்லதுக்குத்தானே செஞ்சோம்."

கெட்டது நினைத்து அவர் எதுவும் செய்யவில்லை. ஆனால் பேராசிரியர் பிரித்து வைத்ததாக நினைத்த இரண்டையும் அந்தப் பச்சை மை பதினான்கு வருடம் முன்பே மறுபடி கலந்துவிட்டிருந்தது. படித்தவள் பெற்ற பிள்ளை, படித்தவர்கள் வீட்டுக்குப் போய், நன்றாகப் படித்தது. பெற்றவளைக் கொண்டதா, போன வீட்டைக் கொண்டதா? பழைய கேள்வி பழைய இடத்திலேயே நின்றது.

அக்கா வீட்டுக்குப் போனபோது சமையலறை மேடையில் அந்தக் கேள்வித்தாள் கிடந்தது. மகள் உப்பு ஜாடியை எடுக்கப் போய்ப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை.

"என்னை எத்தனாவது வீடா எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

கணவர்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, இன்னொரு தாள் இருந்தால் கொடு, உன்னைப் பற்றி அவள் நிரப்பட்டும் என்றார். இருந்தது. மகள் அங்கேயே நின்றபடி நிரப்பினாள். 'எளிதில் கோபப்படுவாரா?' சில சமயம். 'மற்றவர்களை நம்புவாரா?' ஒருபோதும் இல்லை. கடைசியில், கேள்வித்தாளில் இல்லாத ஒரு வரியை அவளாகவே எழுதியிருந்தாள்: 'பஸ் ஸ்டாப்பில் தூணுக்குப் பின்னால் நின்றார். பார்த்தேன்.'

அதற்குப் பிறகு இருவரும் பேசினார்களாம். முழுவதையும் அக்கா என்னிடம் சொல்லவில்லை. கோப்பைத் திறந்ததையும், அழுதுகொண்டிருந்தார் என்று எழுதியிருந்ததையும் மகளிடம் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனார். துணைக்கு என்னையும் வரச் சொன்னார். மகள் விஷயம், பொய் சொல்லி நுழைந்தது, பச்சை எழுத்து, தேதிகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பேராசிரியரின் முகம் கறுத்துப்போனது. அனுமதியில்லாமல் கோப்பைத் திறந்தது எவ்வளவு பெரிய தவறு என்று முதலில் சொன்னார். சொல்ல வேண்டியதுதான். பிறகு வேறு மாதிரிப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்த முடிவு பிடிக்கலை. அதனாலதான் குறை தேடிப் போயிருக்கீங்க."

"ஆமா சார். பிடிக்கலைன்னுதான் போனேன்" என்றார் அக்கா. "ஆனா அந்த எழுத்தை நான் எழுதலையே."

எனக்கும் அக்காமேல் ஒரு சந்தேகம் இருந்ததை இங்கே ஒளிக்கப் போவதில்லை. பதினான்கு வருடமாக அவர் வீடுகளுக்குப் போய் நிரப்பிய தாள்களில், தத்துப் பிள்ளையின் அம்மா என்ற எண்ணம் எங்காவது கையைச் சாய்த்திருக்குமோ? யாருக்கும் சொல்லாமல் அவர் போன வீடுகளையும், அவருக்கு உதவியாக இருந்த இன்னொரு பெண் போன வீடுகளையும் தனித்தனியாகக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. பின்னாளில் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு தாமதமாகவா தோன்றியது என்றுதான் கேட்டார்.

பேராசிரியர் முறைப்படி அனுமதி வாங்கி, நானூற்றுப் பன்னிரண்டில் கிடைத்த முந்நூற்று எழுபது கோப்புகளிலிருந்து பச்சை எழுத்தை எடுக்க வைத்தார். நான் ஏற்றினேன். எழுத்தைக் கணக்கில் சேர்த்ததும் வாசிப்புத் திறனின் எண் பாதியாகக் குறைந்தது. பாதி நின்றது. கோபத்தின் எண் அவ்வளவாகக் குறையவில்லை. புள்ளி இரண்டு ஆறாக இருந்தது புள்ளி இரண்டு நான்காயிற்று.

இரண்டு எண்ணும் இல்லாமல் போகும் என்று அக்கா எதிர்பார்த்திருந்தார். பேராசிரியர் அன்று அவரை உட்கார வைத்துப் பேசினார். குழந்தையைக் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்து ஒருத்தி கலங்கிக் கிடக்கும் ஒன்பது மாதமும் குழந்தை அவளுக்குள்தான் இருக்கிறது. அந்த வயிறும் ஒரு வீடுதான். ரத்தத்தில் வந்தது எது, அந்த ஒன்பது மாதத்தில் வந்தது எது என்று நம் ஆய்வால் பிரிக்க முடியாது என்றார். அதோடு, இது நானூறு பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, தனியாக எந்த ஒரு பிள்ளையைப் பற்றியும் இது பேசாது என்றார்.

"அதைப் பேப்பர்காரங்ககிட்ட முதல் வரியா சொல்லியிருக்கணும் சார்" என்றார் அக்கா.

எட்டு மாதம் கழித்துத் திருத்தம் வெளியானது. தன் பெயரில் வந்த முடிவைத் தானே பாதியாகக் குறைத்து எழுதப் பேராசிரியருக்கு மனம் வந்தது என்பதை நான் எங்கும் சொல்வேன். 'களப்பணியாளர் ஒருவர் கவனப்படுத்தியதன் பேரில்' என்று அதில் ஒரு வரி உண்டு. ஒருவர் என்றால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அக்கா சிரித்தார். அவருக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது. வீடுகளுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி, அலுவலகத்திலேயே தாள் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். தையல்காரரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, புதிதாக வந்த பெண் எது சொன்னாலும் நம்புகிறாள், அந்தச் சந்தேகக்கார அம்மாவையே அனுப்புங்கள் என்று கேட்டார். அனுப்பவில்லை. இரண்டு வருடம் எதிர் மேசையிலேயே இருந்துவிட்டு அக்கா வேலையை விட்டார்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி விண்ணப்பித்துத் தன் கோப்பின் நகலை வாங்கினாள். அம்மாவும் கூடப் போனார். வெளி நடையில் உட்கார்ந்திருந்தார். மகள் வெளியே வந்து, அன்று அம்மா திருப்பாமல் விட்ட பக்கத்தைக் காட்டினாள். பெற்றவளின் வேண்டுகோள் என்று தலைப்பிட்டு ஒரே வரி: 'சத்தம் போடாத வீட்டுக்குக் கொடுங்கள்.'

மகள் அழுதாள். அக்காவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் ஆண்டுக்கணக்காக முகமைக் கடிதங்களைப் பார்த்துப் பழகிய கண். 'ங்கள்' என்று முடிந்த இடத்துச் சுழியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்ணின் கையெழுத்து அல்ல. மேடத்தின் கையெழுத்து.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாராம். ஏற்கெனவே மறைத்துப் பட்ட பாடு போதும் என்று சொல்லிவிட்டார்.

"அவங்க சொல்லச் சொல்ல மேடம் எழுதியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"இருக்கலாம்" என்றார் அக்கா. "எல்லாக் கோப்புலயும் இதையே எழுதி வச்சிருக்கவும் செய்யலாம்."

மேடம் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். மற்றவர்களின் கோப்பை எடுத்துப் பார்க்க இருவருக்கும் அனுமதி இல்லை. மகள் அந்தத் தாளை இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா கை நீட்டியும் கொடுக்கவில்லை.